டிரைவர் சாப்பிட்டாரா?

வெளியூரிலிருந்து உறவினர்கள் வாடகை வண்டியில் வந்து இறங்கினால், வந்தவர்களுக்கு இலை போட்ட கையோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்கும் கேள்வி இது. திருமண மண்டபத்திலும் கேட்பார்கள். துக்க வீட்டிலும் கேட்பார்கள். கேட்க மறந்த வீட்டைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதும் உண்டு. ஒரு பெண்ணின் கையில் அமுதசுரபியைக் கொடுத்து அவளைக் காப்பியத் தலைவியாக்கிய மொழியில் இப்படி ஒரு வழக்கம் நிலைத்திருப்பதில் வியப்பில்லை. பசி இன்னதென்று நமக்குத் தெரியும். ஆனால் "டிரைவர் தூங்கினாரா?" என்று எவரும் கேட்டு, இந்த நாற்பத்தேழு வயதுக்குள் நான் செவியுற்றதில்லை.

இதற்கான காரணத்தில் ஒரு பகுதி, நான் வகுப்பில் நடத்தும் பாடங்களிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. வள்ளுவர் கெட்டழிவோர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என நான்கினைச் சொல்லும்போது உறக்கத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். செயலில் முனைந்தவனுக்கு இலக்கணம் சொல்லும் குமரகுருபரரின் நீதிநெறி விளக்கப் பாடலில் கண்ணுறங்காமை ஒரு சிறப்பாக வருகிறது; அதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். பதினான்கு ஆண்டுகள் இமை மூடாதிருந்த இலக்குவன் நமக்கு ஆதர்சம். கும்பகருணனோ, கம்பன் அவனுக்கு எத்தனை உயர்ந்த இடம் கொடுத்திருந்தாலும், வகுப்பில் பெயரைச் சொன்னதும் சிரிப்புத்தான். இவை அறம் சொல்ல வந்த நூல்கள். சோம்பலைக் கடிய வந்தவை. அவற்றின் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் உறக்கம் என்பது மன உறுதியால் வெல்லத்தக்க ஒரு குணக்கேடு என்ற எண்ணம் நம்முள் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்த எண்ணத்தோடு ஒருவன் வண்டியின் சக்கரத்தைப் பிடித்து அமரும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

நம் பேச்சுமொழி இவ்விஷயத்தில் நீதிநூல்களைவிடத் தெளிவானது. 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்கிறோம். இந்த வாக்கியத்தில் எழுவாய் தூக்கம். நான் வெறும் நான்காம் வேற்றுமை. வருவது அது, வந்து சேரும் இடம் நான். பசியும் காய்ச்சலும் தும்மலும் வருவது போலவே அதுவும் வருகிறது. 'தூங்கு' என்னும் சொல்லுக்குத் தொங்குதல், அசைதல் என்ற பொருளும் உண்டு. கூடு தொங்கவிட்டு வாழ்வதால் ஒரு பறவைக்குத் தூங்கணாங்குருவி என்று பெயர். அமர்ந்தபடியே உறங்குகிறவனின் தலை கழுத்திலிருந்து தொங்கி ஆடுவதைப் பார்த்தால் அச்சொல் எவ்வளவு பொருத்தமானது என்று விளங்கும். விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு படிக்கும் நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. கண் எரியும், கண் சொக்கும், கண் செருகும், தூங்கி விழுவோம், கோழித்தூக்கம் போடுவோம். இத்தனை நுட்பமாகப் பெயரிட்டு வைத்திருக்கும் நாம், வண்டியோட்டும் ஒருவர் அவற்றுள் ஒன்றைச் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

உடலியல் அறிஞர்கள் உறக்கத்தை இரண்டு விசைகளின் கூட்டாக விளக்குகிறார்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. உறங்கினால்தான் அது வடியும். காபியில் உள்ள காஃபீன் அதனை வெளியேற்றுவதில்லை. அது போய் அமர வேண்டிய இருக்கைகளில் தான் சென்று அமர்ந்துகொண்டு, சேதி மூளைக்கு எட்டாமல் சிறிது நேரம் மறைத்து வைக்கிறது, அவ்வளவே. இரண்டாவது விசை உடலுக்குள் ஓடும் கடிகாரம். முன்னிரவில் நன்றாக உறங்கியவருக்கும் அக்கடிகாரம் நாளில் இருமுறை தாழ்கிறது. இரவு இரண்டு மணி முதல் விடியும் வரை ஆழமாக ஒருமுறை. பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி இலேசாக மற்றொரு முறை. பிற்பகல் மயக்கத்துக்கு நாம் சோற்றைக் குறை சொல்கிறோம். சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். சிறுபொழுது ஆறினையும் பாடநூல்கள் பகுத்துச் சொல்லும் கணக்குப்படி, வைகறை இரவு இரண்டு மணிக்கும் எற்பாடு பகல் இரண்டு மணிக்கும் தொடங்குகின்றன. தொல்காப்பியர் முறையே மருதத்துக்கும் நெய்தலுக்கும் கொடுத்த அந்த இரண்டு பொழுதுகளின் வாசலில்தான் இக்காலத்து ஓட்டுநரின் கண்கள் செருகுகின்றன. தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் முதற்பொருள் நடத்தும்போது என் மாணவியரிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நம் வாழ்வின் மங்கல நிகழ்ச்சிகளை அந்த வைகறையின் மீதே கட்டி வைத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முகூர்த்தம் நாலரைக்கோ ஐந்தரைக்கோ வைக்கப்படுகிறது. ஆதலால் பெண்ணழைப்புக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோ வேன் நள்ளிரவில் புறப்படுகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கும் பழனிக்கும் செல்லும் வண்டிகள் இரவெல்லாம் ஓடி விடியலில் சந்நிதி சேர வேண்டும். தரிசனம் முடிந்ததும் அடுத்த தலம். பக்தர்கள் வண்டியில் உறங்குகிறார்கள், கோயிலில் விழித்திருக்கிறார்கள். ஓட்டுநருக்கு வண்டியிலும் விழிப்பு. கோயில் வாசலிலும் வண்டியைக் காவல் காக்கும் விழிப்பு. திருமண மண்டபத்தில் அவருக்குப் பந்தியில் இடமுண்டு, தாம்பூலப் பையும் உண்டு. படுக்க ஒரு பாய் கிடையாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள், கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு, பட்டாசுச் சத்தத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் இடையில் அவர் புரண்டுகொண்டிருப்பார். பகல் சாப்பாடு முடிந்ததும் "கிளம்பலாமா?" என்று வந்து நிற்போம். அப்போது மணி இரண்டு இருக்கும்.

கண் செருகும் அந்தக் கணத்தில் நடப்பது பெரும்பாலோர் நினைப்பது போலத் தூங்கிப் போவதன்று. சில நொடிகளுக்கு மூளை வெளியுலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் மைக்ரோஸ்லீப் என்கிறார்கள். கணத்துயில் என்று நான் சொல்லிக்கொள்வேன். இமைகள் திறந்திருக்கும்போதே நிகழவும் கூடும். அதற்கு ஆட்பட்டவருக்கே பல சமயம் அது நிகழ்ந்தது தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. நான்கு நொடியில் ஏறத்தாழ 90 மீட்டர். எங்கள் கல்லூரி மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின் இந்த முனையில் கண் செருகிய ஒருவர் மறுமுனை நெருங்கும்போது விழிப்பதை மனத்தில் காட்சியாக்கிப் பார்த்தேன். இத்தகைய விபத்து நடந்த இடத்தில் பெரும்பாலும் டயர் தேய்ந்த தடம் இருப்பதில்லை. பிரேக்கை மிதிப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

என் தாய்மாமா எண்பதுகளில் நாமக்கல் பக்கத்திலிருந்து வடக்கே லோடு ஏற்றிச் செல்லும் லாரிகளை ஓட்டியவர். நான் சிறுமியாக இருந்தபோது, மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் அவர் சொன்ன கதைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. "கண்ணு, ராத்திரி மூணு மணிக்கு மேல பாரு, ரோட்டோரத்து மரமெல்லாம் எறங்கி நடந்து வரும். குறுக்கால ஒரு மாடு போகும். பிரேக் போட்டா மாடு இருக்காது." எனக்கு அது பேய்க்கதை. பிற்காலத்தில், உறக்கத்தின் வாசலில் மூளை உண்டாக்கும் மாயத் தோற்றங்கள் இவ்வாறே இருக்கும் என்று படித்தபோதுதான், மாமா கதை கட்டவில்லை, நோய்க்குறி சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. அவரிடம் மற்றொரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் இருக்கும் கிளீனர் பையனிடம் "கேட் தாண்டிட்டமாடா?" என்று தான் கேட்க நேர்ந்துவிட்டால், தாண்டியிருந்தாலும் தாண்டாவிட்டாலும், அடுத்து வரும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிடுவார். கடந்து வந்த ரயில்வே கேட் நினைவில் இல்லையென்றால் அந்த ஐந்தாறு கிலோமீட்டரை ஓட்டியது தானில்லை என்பது அவர் கணக்கு. கொட்டாவி, அடிக்கடி இமைத்தல், வண்டி வெள்ளைக் கோட்டை மிதித்தல், வேகம் காரணமின்றிக் கூடுவதும் குறைவதும், திரும்ப வேண்டிய பாதையைத் தவறவிடுதல் என்று மருத்துவர்கள் இன்று தரும் பட்டியலில், வந்த வழி நினைவில் இல்லாமையும் ஒன்று. மாமா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அக்காலத்தில் அவர் சென்ற வண்டிகளில் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் பலகையில் படுத்திருப்பார். பேச்சுத் துணைக்குக் கிளீனர். இன்று எங்கள் பகுதியில் ஒற்றை ஆளாகச் சென்று வருபவர்களைப் பார்க்கிறேன். ஆள் கிடைப்பதில்லை என்கிறார் உரிமையாளர். கிடைத்தாலும் வாடகை கட்டாது என்கிறார். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கக் கூடாது என்றும் வகுத்தது. அச்சட்டம் இருந்த காலத்திலேயே அதைப் பற்றிக் கேள்விப்பட்ட வாடகை வேன் ஓட்டுநர் எவரையும் நான் சந்தித்ததில்லை. சாலைகளும் மாறிவிட்டன. புளியமர நிழலில் வளைந்து வளைந்து சென்ற பழைய சாலை உயிருக்கு உத்தரவாதம் தரவில்லைதான். ஆனால் அதன் பள்ளங்கள் ஓட்டுநரைத் தூங்கவிடவில்லை. நால்வழிச் சாலையின் நேர்கோடு தாலாட்டுகிறது.

குடித்துவிட்டு ஓட்டுவதை நாம் குற்றமென்று அறிவோம். இந்தியச் சட்டப்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருப்பவருக்கு அது 100 மில்லிகிராம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சொந்தக் காரில் கிளம்பும் ஒரு துளி மதுவும் தொடாத நல்ல மனிதர், சட்டம் வகுத்த எல்லைக்கு அப்பால் நிற்பவருக்கு நிகராகத்தான் வண்டியை எடுக்கிறார். அவரை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கக் கருவி இல்லை.

கருவி இல்லாததால் பொறுப்பு இல்லாமல் போகாது என்று காட்டியது இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. 2001 பிப்ரவரி 28 அன்று காலை, முந்தைய இரவு உறங்காமல் புறப்பட்ட ஒருவரின் வண்டி செல்பி நகருக்கு அருகில் நெடுஞ்சாலையை விட்டு விலகிச் சரிவில் இறங்கி, கீழே இருந்த ரயில் பாதையில் போய் நின்றது. அதன் மீது பயணிகள் ரயில் மோதித் தடம் புரண்டு, எதிரே வந்த நிலக்கரி ரயிலோடு மோதியது. பத்துப் பேர் இறந்தார்கள். வண்டியோட்டியவர் உயிர் பிழைத்தார்; தாம் தூங்கவில்லை என்றே வாதிட்டார்; ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உறக்கம் திடீரென்று வந்து கவிழ்ப்பதில்லை. அறிகுறிகளைக் காட்டிவிட்டுத்தான் வருகிறது. அறிகுறி தெரிந்தும் ஓட்டுவது தேர்ந்து செய்த செயலாகிவிடுகிறது. அவ்வாறு தேர்ந்துகொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வி, சொந்த வண்டியில் சென்ற அந்த ஆங்கிலேயருக்கு எளிது. நம் ஊர் வாடகை வேன் ஓட்டுநருக்கு அத்தனை எளிதன்று. நாளிதழில் 'தூக்கக் கலக்கத்தில் டிரைவர் கண் அயர்ந்ததால்' என்று படிக்கிறோம். அவர் எப்போதிலிருந்து விழித்திருந்தார், யார் சொல்லி விழித்திருந்தார் என்ற விவரம் அந்தச் செய்தியில் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை மாணவியரைத் தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் அழைத்துச் சென்றோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து வேன் புறப்பட்டது. நண்பகலில் நடை சாத்தும் முன் இராசேந்திரனின் கோயிலைப் பார்த்து முடித்து, ஜெயங்கொண்டத்தில் ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். ஓட்டுநருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சாப்பிட அழைத்தபோது, "வேண்டாங்க மேடம். சாப்பிட்டா இன்னும் சொக்கும்" என்றார். 'இன்னும்' என்ற சொல் என்னை நிறுத்தியது. எப்போது எழுந்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் காலை நான்கு மணிக்கு. பகலில் பள்ளிக்கூட டிரிப். மாலையில் ஒரு நிச்சயதார்த்தம். நள்ளிரவில் வண்டியைக் கொண்டுபோய் விட்டு, கழுவி, சீட்டில் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். முப்பத்து நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம். "முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க மேடம். தூங்குமூஞ்சின்னு பேர் வந்தா அடுத்த டிரிப் வராது" என்றார். அங்கிருந்து எங்கள் ஊர் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசை வரிசையாக வரும்.

அவரைப் பின்னிருக்கையில் படுக்கச் சொன்னேன். உடன் வந்த பேராசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "தூங்கறதுக்கா வாடகை கொடுக்கறோம்?" என்றார். அவருடைய கவலையிலும் நியாயம் இருந்தது. பெண்பிள்ளைகள், இருட்டுவதற்குள் விடுதி சேர்க்க வேண்டும், பெற்றோர் பலர் ஆறு மணிக்கே வாசலில் வந்து நிற்பார்கள். முகத்தைக் கழுவி, ஸ்ட்ராங்காக டீ குடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாட்டுப் போட்டால் ஓட்டிவிடலாம் என்று அவர் சொன்னது, நாம் எல்லோரும் சொல்வதுதான். குளிர்காற்றும் வானொலியும் தூக்கக் கலக்கத்தைப் போக்குகின்றனவா என்று இங்கிலாந்தில் ரெய்னர், ஹார்ன் என்ற ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட சோதனையில், அவற்றின் பயன் மிகக் குறைவு, அதுவும் சிறிது நேரத்துக்கே என்று தெரிந்தது. நள்ளிரவுக்குப் பின் வண்டிகளை நிறுத்தி முகம் கழுவச் சொல்லும் காவலர்களையும் தேநீர் கொடுப்பவர்களையும் நான் மதிக்கிறேன். அந்தத் தண்ணீரைவிட அந்த நிறுத்தம் பயனுள்ளது. உண்மையில் உதவுபவை எளியவை. வண்டியை ஓரம் கட்டி, காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிடம் உறங்கலாம். காஃபீன் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகுமாதலால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. எழுந்தவுடன் சக்கரத்தைத் தொடாமல் சில நிமிடம் நடக்க வேண்டும். சளிக்கு உண்ணும் சில மாத்திரைகள் கண்ணைச் சுழற்றும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவில் பெருங்குறட்டையும் பகலில் ஓயாத தூக்கமும் உள்ளவர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். ஆனால் இவையெல்லாம் ஓரளவு உறங்கியவருக்கு. எங்கள் ஓட்டுநரின் கடனை இருபது நிமிடம் அடைக்காது.

ஆகவே உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். மாணவியர் வரும் பயணத்தில் திரும்பும்போது இரண்டாவது ஓட்டுநர் இருக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம், படியை நாங்களே தந்துவிடுகிறோம், ஓர் ஆளைப் பெரம்பலூருக்கு அனுப்புங்கள் என்றேன். அப்படியொரு வழக்கம் அன்றுவரை கிடையாது. அவர் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். வேனில் வெயில் விழுந்த பக்கத்து ஜன்னலில் ஒரு மாணவி தன் துப்பட்டாவைக் கட்டிவிட்டாள். மற்றவர்கள் கடை வாசல் மரத்தடியில் அமர்ந்திருந்தார்கள். ஓட்டுநர் ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடந்தார். எழுந்தபின் பெரம்பலூர்வரை அறுபது, எழுபது கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினார். நான் முன்னிருக்கையில் அமர்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தேன். பேச்சை நம்பி அன்று, பதில் தாமதமாகிறதா என்று பார்ப்பதற்காக. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் புதிய ஆள் ஏறிக்கொண்டார். பழையவர் பின்னால் போய்ப் படுத்தவர் துறையூரைப் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தோம். விடுதிக் காப்பாளரும் சில பெற்றோரும் கடிந்துகொண்டார்கள். காரணத்தைச் சொன்னேன். ஒரு தந்தை மட்டும், அவரும் ஓட்டுநர்தான் என்று பிறகு தெரிந்தது, வேனின் பின்பக்கம் சென்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த ஆண்டிலிருந்து, சொன்ன வழக்கத்தை உண்மையாக்கிவிட வேண்டும் என்று சுற்றுலா அனுமதி விண்ணப்பத்தில் சில வரிகளைச் சேர்த்தேன். இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை வண்டி ஓடாது. புறப்படும் முன் ஓட்டுநர் கடைசியாக எப்போது உறங்கினார் என்று கேட்டு எழுத வேண்டும். இரவு தங்கினால் ஓட்டுநருக்கும் கட்டில் உண்டு. நெடும்பயணத்துக்கு இரண்டாம் ஓட்டுநர். முதல் மூன்றையும் முதல்வர் ஒரு பார்வையில் ஏற்றுக்கொண்டார். நான்காவதில் பணம் இருந்ததால் ஒரு மாதம் பிடித்தது. பிறகு தணிக்கைக்கு வந்தவர் கணக்குப் புத்தகத்தில் அந்த வரியைச் சுட்டி, ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு டிரைவர் படி என்று கேட்டார். எங்கள் அலுவலகக் கணக்கர் பேச்சைச் சுருக்கமாக முடிப்பவர். "ஒருத்தர் ஓட்டறதுக்கு சார், ஒருத்தர் தூங்கறதுக்கு" என்றார். தணிக்கையாளர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் பென்சிலால் 'இதரச் செலவு' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினார்.